சம்பா பயிர்க்கடன்: எவ்வளவு கிடைக்கிறது என்பதை விட எப்போது கிடைக்கிறது என்பதைப் பேசுவோம்

கடைமடைச் சம்பா எழுதியது:

வருஷா வருஷம் பயிர்க்கடன் இலக்கு இத்தனை கோடி, கொடுத்தது இத்தனை கோடி என்று செய்தி வருகிறது. அந்தப் பணம் எந்த மாதம் விவசாயி கைக்கு வந்தது என்று மட்டும் யாரும் போடுவதில்லை. மார்ச் 31க்குள் கணக்கு நேராகிவிட்டால் இலக்கு முடிந்தது, அதில் நகைக்கடனும் சேர்ந்து வந்துவிடும். நான் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம். கடனால் மகசூல் கூடுமா என்று கேட்டால், ஆவணியில் வந்தால் கூடும், தீபாவளி கழித்து வந்தால் கூடாது என்றுதான் சொல்வேன்.

காரணம் சொல்கிறேன். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் வந்து, எங்கள் வாய்க்காலில் இறங்கியதும் வேலை தொடங்கியாக வேண்டும். சி.ஆர். 1009 நெல் ரகம் போட்டால் 155, 160 நாள் பயிர். ஆகஸ்டில் நாற்று விட்டு, செப்டம்பர் முடிவதற்குள் நட்டு முடித்தால் ஐப்பசி அடைமழைக்குள் பயிர் பச்சை பிடித்து, தூர் கட்டி (பக்கத் தண்டுகள் வெடித்து), தலை நிமிர்ந்துவிடும். இல்லாவிட்டால் நட்ட பயிர் தண்ணீருக்கு அடியில்தான். டிராக்டருக்கு, நடவு ஆளுக்கு, விதைக்கு, அடியுரத்துக்கு எல்லாம் பணம் தேவைப்படுவது இந்தச் சில வாரத்துக்குள்தான்.

போன சம்பாவில் எனக்கும் பக்கத்து வயலுக்கும் நடுவே ஒரே ஒரு வரப்பு. அதே விதை, அதே வாய்க்கால், அதே மண். அவருக்குக் கடன் உழவுக்கு முன்பே வந்துவிட்டது, கடைசி உழவில் டி.ஏ.பி. உரமும் ஜிங்க் சல்பேட்டும் போட்டுப் பரம்படித்துவிட்டார். எனக்கு வந்தபோது தூர் கட்டும் பருவமே தாண்டிவிட்டது. தண்டு உருளும் பருவத்தில், அதாவது கதிர் உள்ளே உருவாகும்போது, இரண்டு வயலிலும் ஒவ்வொரு குத்தைப் பிடுங்கி எண்ணிப் பார்த்தோம், அவருடையதில் இருபதுக்கு மேல் தூர், என்னுடையதில் பன்னிரண்டு, பதின்மூன்று. யூரியாவைப் பிறகு எவ்வளவு கொட்டினாலும் அந்தத் தூர் வராது, இலைதான் கரும்பச்சையாகும், இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் தேடி வரும். வேளாண் பல்கலைக்கழகம் எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்தை அடியுரம், தூர் கட்டும்போது, தண்டு உருளும்போது, பூக்கும்போது என்று நான்காகப் பிரித்துப் போடச் சொல்வது சும்மா இல்லை. நான்கில் முதல் இரண்டு தவறினால் மகசூல் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

உங்கள் ஊரில் எப்படி? பணம் எப்போது வருகிறது, வராதபோது என்ன செய்கிறீர்கள்? எழுதுங்கள்.

பாகூர் ஏரிக்கரை எழுதியது:

அண்ணே, புதுச்சேரி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு போர்வெல் தண்ணீர், அதனால் ஆற்றுப் பாசனக்காரர்கள் போல வாய்க்காலைப் பார்த்து உட்கார வேண்டியதில்லை, அந்த வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் கடன் விஷயத்தில் எனக்கு உதவியது கிசான் கிரெடிட் கார்டு. 1998ல் வந்த திட்டம் இது, இன்னும் பலர் இதைச் சாதாரணக் கடன் மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துக் கட்டுகிறார்கள். அது அப்படி இல்லை. லிமிட் ஒருமுறை போட்டுவிட்டால் 5 வருஷம், வருஷத்துக்கு 10 சதவீதம் ஏறும், தேவைப்படும்போது எடுக்கலாம், அறுவடை பணம் வந்ததும் உள்ளே போடலாம். பயிருக்கு எக்டேருக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை, அதற்கு மேல் அறுவடைக்குப் பின் செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் 10 சதவீதம், பம்ப்செட் மாதிரி பண்ணைச் சாமான் பராமரிப்புக்கு 20 சதவீதம், காப்பீட்டுப் பிரீமியம், இதெல்லாம் சேர்த்துத்தான் லிமிட்.

3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, நாள் தவறாமல் கட்டினால் 3 சதவீதம் திரும்பக் கிடைக்கும், ஆக 4 சதவீதம். 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது, முன்பு அது 1.6 லட்சமாக இருந்தது. கார்டு எடுத்த பிறகு நான் உழவுக்கு யாரிடமும் போய் நின்றதில்லை. ஒரு காணிக்கு எவ்வளவு வேண்டுமோ அன்றைக்கு அதை மட்டும் எடுக்கிறேன், எடுக்காத பணத்துக்கு வட்டியும் இல்லை. உங்கள் ஊர்ப் பிரச்சினை கடன் தாமதமாவது மட்டும் இல்லை அண்ணே, ஒவ்வொரு பருவமும் புதிதாக மனுப்போட வைப்பதுதான்.

பொருளியல் மாணவி எழுதியது:

சிதம்பரத்தில் வேளாண் பொருளாதாரம் படிக்கிறேன். இரண்டு அண்ணன்களும் எழுதியதைப் படித்தேன், ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். கடன் வாங்கியவர் வயலில் மகசூல் அதிகம் என்று கணக்கெடுப்பு காட்டினால், கடன்தான் காரணம் என்று உடனே எடுத்துக்கொள்ள முடியாது. சொந்த நிலம், போர், நல்ல வாய்க்கால் தலைப்பு, படித்த பிள்ளை, இதெல்லாம் இருப்பவருக்குத்தான் கடன் சுலபமாகக் கிடைக்கிறது. அவருக்குக் கடன் இல்லாவிட்டாலும் மகசூல் கூடத்தான் இருக்கும். இதைப் பிரித்துப் பார்க்கத்தான் ஆய்வாளர்கள் மெனக்கெடுகிறார்கள்.

ஆப்பிரிக்காவில் நடந்த இரண்டு ஆய்வுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. மாலி நாட்டில், அறுவடைக்குப் பிறகு மொத்தமாகக் கட்டும்படி கடன் கொடுத்தார்கள். அப்புறம், கடன் கிடைக்கிறது என்று தெரிந்தும் வாங்காமல் இருந்தவர்களுக்கும், கடனே வராத ஊர்க்காரர்களுக்கும் குலுக்கல் முறையில் இலவசமாகப் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். கடனே வராத ஊர்களில் அந்தப் பணத்தால் விளைச்சல் கூடியது. கடன் வேண்டாம் என்றிருந்தவர்களிடம் அப்படி ஒன்றும் கூடவில்லை. அதாவது பணம் போட்டால் பலன் வரும் நிலம் எது என்று விவசாயிக்கே தெரிந்திருக்கிறது, கடன் தேவைப்பட்டவர்தான் வாங்கியிருக்கிறார். இரண்டாவது ஆய்வு வட கானாவில் நடந்தது, 2014ல் வெளியானது. அங்கே ஒரு பகுதியினருக்குப் பணம், ஒரு பகுதியினருக்கு மழைக் காப்பீடு, ஒரு பகுதியினருக்கு இரண்டும். காப்பீடு கிடைத்தவர்கள்தான் சாகுபடியில் அதிகம் செலவு செய்தார்கள். கையில் பணம் இல்லை என்பதை விட, போட்டது போய்விடுமோ என்ற பயம்தான் அங்கே கையைக் கட்டிப்போட்டிருந்தது.

நம் மாவட்டத்துக்கு இது பொருந்துமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைமடைச் சம்பா எழுதியது:

தங்கச்சி, நன்றாகச் சொன்னாய். எங்கள் பக்கம் அந்தப் பயம் நிறையவே உண்டு. 2015 நவம்பர் மழையைப் பார்த்தவன் எவனும் மறக்க மாட்டான். அடியுரம் குறைத்துப் போடும் பலர் காசில்லாமல் மட்டும் குறைப்பதில்லை, போட்ட உரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்றும்தான் குறைக்கிறார்கள். வெள்ளம் தாங்குவதற்கென்றே சி.ஆர். 1009 சப் 1 என்று ரகம் வந்திருக்கிறது, இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். அந்த விதை வாங்கவும் நேரத்துக்குக் காசு வேண்டும்.

ஆனால் காப்பீட்டையும் கடன் தேதியிலிருந்து பிரிக்க முடியாது. சம்பா நெல்லுக்கு நாங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், பெரிய பாரம் இல்லை. 2020லிருந்து கடன் வாங்கியவருக்கும் அது விருப்பம்தான், கட்டாயம் கிடையாது. கடைசி நாள் வழக்கமாக நவம்பர் பாதி. கடனிலேயே பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டுவிடுவார்கள் என்று நம்பியிருப்பவருக்குக் கடன் தாமதமானால், கடைசி நாளில் அடங்கலை (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் என்ற கிராமப் பதிவை) கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதாகிறது. இழப்பும் கிராம அளவில் அறுவடைச் சோதனை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள், என் வயல் மூழ்கி மேட்டுப் பக்கம் விளைந்துவிட்டால் எனக்கு இதுவரை ஒன்றும் வந்ததில்லை. அதனால்தான் பள்ளத்து வயல்காரன் உரத்தில் கை வைக்கிறான்.

முந்திரித் தோப்பு எழுதியது:

நெல்லை மட்டுமே பேசுகிறீர்கள். பண்ருட்டி செம்மண் பக்கம் வாருங்கள். இங்கே முந்திரியும் பலாவும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்து ஒரே விடியலில் தாத்தா காலத்து மரமெல்லாம் வேரோடு சாய்ந்தது. நெல்லுக்கு அழிவு வந்தால் அடுத்த பருவம் உண்டு. ஒட்டுக்கன்று வைத்தாலும் முந்திரி காய்க்க மூன்று வருஷம், நல்ல காய்ப்புக்கு இன்னும் மேலே, பலாவுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு வருஷத்தில் திருப்பிக் கட்டும் பயிர்க்கடனை வைத்துக்கொண்டு தோப்பை எப்படி மீட்பது? விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் வி.ஆர்.ஐ. 3 மாதிரி நல்ல ஒட்டு ரகம் இருந்தும், காய்ப்பு வரும் வரை குடும்பத்தை ஓட்ட வழியில்லாதவர்கள் நடவே இல்லை, சவுக்குக்கு மாறிவிட்டார்கள்.

இருக்கிற தோப்பிலும் இதே கதைதான். தளிர் விடும்போது, பூக்கும்போது, பிஞ்சு பிடிக்கும்போது தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சிக்கு மருந்து அடித்தாக வேண்டும், விட்டால் பூங்கொத்து கருகிவிடும். மார்கழி, தையில் கையில் காசு இருக்காது. வியாபாரி முன்பணம் கொடுப்பார், அதோடு காயும் அவருக்கே என்று பேச்சு முடிந்துவிடும். விலை அவர் சொன்னதுதான். சிலர் பூவிலேயே தோப்பை ஒரு வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். ஒரு வருஷம் மட்டும் எடுப்பவர் மரத்துக்கு எரு போடுவாரா, கவாத்து செய்வாரா? அடுத்த வருஷம் மகசூல் இன்னும் இறங்கும். மண்டியையோ வியாபாரியையோ மட்டும் குறை சொல்லவில்லை, அந்த நேரத்தில் கேள்வி கேட்காமல் பணம் தருபவர் அவர் ஒருவர்தான்.

தென்னாற்காட்டில் (இன்றைய கடலூர், விழுப்புரம் பக்கம்) இது இன்று நேற்று வந்ததும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய்க்கு மணிலா (நிலக்கடலை) கப்பலேறிய காலத்திலேயே வியாபாரி முன்பணம் கொடுத்து விளைச்சலைப் பிடித்து வைக்கும் பழக்கம் இருந்தது.

குத்தகை நிலம் எழுதியது:

அண்ணன்மாரே, நீங்கள் எல்லாம் பட்டா உள்ளவர்கள். நான் புவனகிரி பக்கம் குத்தகைக்குப் பயிர் வைக்கிறேன், வாய்ப்பேச்சுதான், எழுத்து கிடையாது. அடங்கல் நிலக்காரர் பெயரில். கூட்டுறவுக் கடன் அவர் பெயரில் வருகிறது, அவர் ஊரிலேயே இல்லை. வட்டியில்லாக் கடனை அவர் வாங்குகிறார், சேற்றில் இறங்குகிற எனக்கு ஐந்து வட்டி. 20,000 ரூபாய்க்கு மாதம் 1,000, நாற்று விட்டதிலிருந்து களத்துக்கு வரும் வரை ஐந்து மாதம் என்றாலே வட்டி 5,000. வெள்ளம் வந்து நிவாரணம் கொடுத்தாலும், இன்சூரன்ஸ் வந்தாலும் அடங்கலைப் பார்த்துத்தான்.

மகளிர் குழுவில் நுண்கடன் கொடுக்கிறார்கள், சரி. ஆனால் வாங்கின அடுத்த வாரமே தவணை தொடங்கிவிடும். நெல் வாராவாரம் காசு தருமா? தவணை கட்ட வேண்டும் என்பதால் அந்தப் பணத்தில் மாடு வாங்கினேன், பாலை ஊற்றித் தவணை கட்டினேன், வயலுக்கு ஒரு பைசா போகவில்லை. போன சம்பாவில் களை எடுக்க ஆள் வைக்கக் காசில்லாமல் நானும் மகளும் மட்டும் இறங்கினோம், முடித்துவிட்டு நிமிர்ந்தபோது முதலில் எடுத்த பக்கம் மறுபடி கோரை மண்டிவிட்டது. அந்த மூலையில் பாதி மூட்டை கூடத் தேறவில்லை. மகசூல் ஏன் குறைவு என்று கேட்பவர்கள் அந்த மூலையை வந்து பார்க்க வேண்டும்.

பொருளியல் மாணவி எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்ன தவணை விஷயத்தைக் கொல்கத்தாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரத்திலேயே தவணை, இன்னொரு பகுதியினருக்கு இரண்டு மாதம் கழித்துத் தவணை. அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் கூடுதலாகப் போட்டார்கள், பின்னால் வருமானமும் கூடியது. ஆனால் கடன் நிலுவை வைத்தவர்களும் அந்தப் பகுதியில்தான் அதிகம். நிறுவனங்கள் அவகாசம் தரத் தயங்குவதற்குக் காரணம் அதுதான்.

குத்தகை விஷயத்தில் ஆந்திரா ஒரு வழி செய்தது. 2011லேயே சாகுபடி செய்பவருக்கு அடையாள அட்டை கொடுக்கச் சட்டம் போட்டு, 2019ல் அதை மாற்றி 11 மாதத்துக்கு உரிமை அட்டை கொடுக்கும் சட்டம் கொண்டுவந்தார்கள். நில உரிமைக்கு அதனால் பாதிப்பு வராது என்று எழுதியிருந்தும் நிலக்காரர் கையெழுத்துப் போடத் தயங்குவது அங்கேயும் தீரவில்லை. நம் ஊரில் 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969 குத்தகைப் பதிவுச் சட்டம் இரண்டும் இருக்கின்றன. பதிவு செய்தால் நிலம் போய்விடும் என்ற பயத்தில்தான் எல்லாம் வாய்ப்பேச்சாக நிற்கிறது.

ஓய்வுபெற்ற சங்கச் செயலர் எழுதியது:

பல வருஷம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்த்தவன். தாமதம் எங்கே நடக்கிறது என்று உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சங்கத்தில் பெட்டி நிறையப் பணம் இருப்பதில்லை. எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்று மாவட்டத் தொழில்நுட்பக் குழு முடிவு செய்ய வேண்டும், மத்தியக் கூட்டுறவு வங்கி ஒதுக்கீடு தர வேண்டும், அதற்கு மேலே நபார்டு என்ற தேசிய வேளாண் வங்கியின் மறுநிதி. இடையில் சிட்டா (நில உரிமைக் கணக்கு), அடங்கல், பிற வங்கியில் கடன் இல்லை என்ற சான்று. இதில் ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். எல்லா உறுப்பினரும் ஒரே மாதத்தில் வருவார்கள், சங்கத்தில் ஆள் மூன்று பேர். கடன் பாதி ரொக்கம், பாதி உரம் என்றால் கிடங்கில் டி.ஏ.பி. இல்லாத நாளில் வந்தவர் யூரியாவோடு போவார்.

வெளியே யாரும் பேசாத இன்னொன்று இருக்கிறது. உரிய நாளில் கட்டினால் வட்டியே இல்லை, அதனால் பழைய கடனைக் கட்டிவிட்டுப் புதுக்கடன் வாங்க வேண்டும். நெல் விற்ற பணம் வேறு கடனுக்குப் போயிருக்கும். அதனால் விவசாயி ஒரு வாரத்துக்கு வெளியில் வட்டிக்கு வாங்கிச் சங்கத்தில் கட்டுவார், புதுக்கடன் வந்ததும் வட்டிக்காரருக்குத் திருப்பிக் கொடுப்பார். புதுக்கடன் நாலு வாரம் இழுத்தால் அந்த நாலு வார வட்டியும் அடியுரக் காசிலிருந்துதான் போகும். புத்தகத்தில் கடன் வழங்கியதாக முழுத் தொகையும் ஏறியிருக்கும், வயலுக்கு வந்தது அதில் ஒரு பகுதிதான்.

இருந்தும் இந்தச் சங்கங்களை மூட வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ல் நம் மாகாணத்தில், திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் தொடங்கியது. 1951-52ல் எடுத்த ஊரகக் கடன் கணக்கெடுப்பில் விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு சுமார் 3 சதவீதம்தான், மீதியில் பெரும்பகுதி லேவாதேவிக்காரர் கையில். அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

நெய்வேலிச் சாலை எழுதியது:

எல்லோரும் தாமதம் தாமதம் என்கிறீர்கள். தள்ளுபடி வரும் என்று கட்டாமல் இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? 2006, 2016, 2021 என்று மூன்று தடவை தள்ளுபடி. வாங்குகிற பணம் கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் போகிறது. மகசூல் எப்படிக் கூடும்?

ஓய்வுபெற்ற சங்கச் செயலர் எழுதியது:

தம்பி, 2021ல் 12,110 கோடி தள்ளுபடி என்று அறிவித்தபோது 16 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகள் பயன் பெற்றார்கள். 2020 கடைசியில் அடுத்தடுத்து நிவர், புரெவி புயல்கள், அடுத்த ஜனவரியிலேயே பருவம் தவறிய மழை. கட்டக் கூடாது என்று நினைத்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அதைவிட, நாள் தவறாமல் கட்டிவிட்டுத் தள்ளுபடி கிடைக்காமல் வந்து என் மேசை முன்னால் நின்ற முகங்கள்தான் எனக்கு நினைவிருக்கின்றன. தேர்தல் வருஷத்தில் கட்டுவதை ஒத்திப்போடுவதும் கட்டியவருக்கே புதுக்கடன் தாமதமாவதும் சேர்ந்தே நடக்கும்.

பொருளியல் மாணவி எழுதியது:

2008ல் மத்திய அரசு செய்த தள்ளுபடியில் 2 எக்டேர் வரை உள்ளவர்களுக்கு முழுத் தள்ளுபடி, அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 25 சதவீதம். அந்தக் கோட்டுக்குச் சற்று இப்புறமும் அப்புறமும் இருந்தவர்களை ஒப்பிட்டு ஆய்வு செய்தபோது, தள்ளுபடியால் முதலீடோ விளைச்சலோ கூடியதாகத் தெரியவில்லை. பழைய சுமை இறங்குவது நல்லதுதான், ஆனால் அடுத்த உழவுக்கான பணத்தை அது கொண்டுவருவதில்லை. கல்யாணச் செலவு பற்றி: விவசாயக் குடும்பத்துக்கு வயல் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு என்று இரண்டு பெட்டி கிடையாது. கார்டு லிமிட்டிலேயே வீட்டுச் செலவுக்கும் சேர்த்து 10 சதவீதம் வைத்திருப்பதன் காரணம் அதுதான்.

மேட்டுநிலம் விருத்தாசலம் எழுதியது:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அறுவடை நேரத்தில் வரும் கடனும் முக்கியம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் மூட்டையை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம், மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள், 5 சதவீத வட்டி. உளுந்தை அப்படி வைத்து விலை ஏறிய பிறகு விற்றேன், அந்தக் காசுதான் ஆடியில் மணிலா விதைக்கு ஆனது. வெளிக்கடன் தேவைப்படவில்லை. எங்கள் பக்கமே இது தெரியாதவர்கள் அதிகம்.

பாகூர் ஏரிக்கரை எழுதியது:

சம்பாவுக்குப் பின் தெளிக்கும் உளுந்துக்கும் இது பொருந்தும் அண்ணே. பூக்கும்போது ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளித்தாலே காய் நன்றாகப் பிடிக்கும். செலவு ரொம்பக் குறைவு. அந்தச் சின்னச் செலவைக் கூட நெல் பணம் வரும் வரை தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்குள் பூ கொட்டிவிடுகிறது.

கடைமடைச் சம்பா எழுதியது:

எல்லோரும் எழுதியதைப் படித்த பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் குறைதீர் நாள் கூட்டத்துக்கு மனு எழுதலாம் என்று தோன்றுகிறது. கடன் தொகையை உயர்த்தச் சொல்லி ஏற்கனவே நிறைய மனு போகிறது, அதையே நாமும் எழுத வேண்டாம். ஒவ்வொரு சங்கமும் சம்பாக் கடனில் எவ்வளவு ஆகஸ்டுக்குள், எவ்வளவு செப்டம்பருக்குள், எவ்வளவு அதற்குப் பின் கொடுத்தது என்று மாதவாரியாகப் பலகையில் எழுதி வைக்கட்டும். பழைய கடன் கட்டிய அன்றே புதுக்கடன் கணக்கில் ஏற வேண்டும், இது செயலர் ஐயா சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது. சங்கத்தில் வாங்கும் கடனையும் கார்டு லிமிட் முறையில் எடுக்க வழி செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். முந்திரிக்காரர்கள் காய்ப்பு வரும் வரை அசல் கேட்காத நீண்டகாலக் கடனைத் தனி மனுவாகப் போடுங்கள், இதில் கலந்தால் அது அமுங்கிவிடும்.

குத்தகைக்கு அக்கா மாதிரி இருப்பவர்களுக்குக் கூட்டுப் பொறுப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது, 4 முதல் 10 பேர் சேர்ந்தால் நிலப் பத்திரம் இல்லாமல் வாங்கலாம். வாய்மொழிக் குத்தகைதாரருக்கும் கார்டு உண்டு என்று ரிசர்வ் வங்கி விதியிலேயே இருக்கிறது. கிளையில் கேட்டால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், அதனால் விதியைத் தமிழில் அச்செடுத்துக் கையில் கொண்டு போகலாம். அக்கா, உங்கள் ஊரில் குத்தகைக்குப் பயிர் வைக்கும் இன்னும் மூன்று நான்கு பேர் சேர்வார்களா? குறுவை அறுப்புக்கு முன்பே குழு பதிவாகிவிட்டால் வரும் சம்பாவுக்கே கேட்கலாம்.

குத்தகை நிலம் எழுதியது:

ஐந்து பேர் இருக்கிறோம் அண்ணே, எல்லோரும் பெண்கள்தான். இரண்டு பேருக்கு வங்கிக் கணக்கு கணவர் பெயரோடு சேர்ந்து இருக்கிறது, அது பரவாயில்லையா, தனியாகத் தொடங்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற சங்கச் செயலர் எழுதியது:

தனிக்கணக்கு தொடங்கிவிடுங்கள் அம்மா, பின்னால் சிக்கல் வராது. ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம் எடுத்து வையுங்கள். நீங்கள்தான் பயிர் வைக்கிறீர்கள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்க முடியுமா என்று முதலில் பாருங்கள். மறுத்தால் இங்கே எழுதுங்கள், நான் கூட வருகிறேன்.